வெறுந்தலைச் செவ்வாய்

எவோரா நகரத்தில் பெண்கள் சதுக்கத்தின் நடுவே நடக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் கிடையாது. சட்டம் இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். இல்லாததால்தான் அந்த வழக்கம் அத்தனை காலம் நின்றது. சதுக்கத்தின் ஒரு பக்கம் நெடுக வளைவுகள். வளைவுகளுக்குக் கீழே நிழல். நிழலில் கடைகளும் பெண்களும். வெயிலும் மழையும் ஆண்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தது யார் என்று எவருக்கும் தெரியாது. காவல் காத்தது யார் என்று கேட்டால் மட்டும் ஊரே ஒரு பெயரைச் சொல்லும்: எர்மீனியா முர்த்தெய்ரா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷம் அவளுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. ஊருக்கு வெளியே தக்கை மரக்காடும் கொஞ்சம் கறுப்புப் பன்றிகளும் உள்ள பண்ணை அவளுடையது. அதாவது, அவள் கணவன் ஜசிந்தோவுடையது. செவ்வாய்க்கிழமைதோறும் இருவரும் நகரத்துக்கு வருவார்கள். அவன் நீரூற்றுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் போய் நின்றுகொள்வான். அவள் வனத்து அந்தோனியார் கோயிலில் பூசை கண்டுவிட்டு, வளைவுகளின் கீழே நூலும் மருந்தும் வாங்குவாள். கோயில் படியிலிருந்து எதிர்க்கோடி வங்கிக்கு நேரே நடந்தால் 'அருள் நிறைந்த' என்று தொடங்கும் ஒரு செபத்தைச் சொல்லி முடிப்பதற்குள் போய்விடலாம். அவள் சுற்றித்தான் போவாள். அந்தச் சுற்றில் செபமாலையில் பத்து மணிகள் உருண்டுவிடும் என்பதால் ஆன்மாவுக்கும் லாபம் என்பது அவள் கட்சி.

குறுக்கே ஓடும் பள்ளிக்கூடப் பெண்களைக் கண்டால் குடைநுனியால் தரையைத் தட்டுவாள்.

"ஏய், இங்க வா. யார் வீட்டுப் பொண்ணு நீ? கால் எதுக்கு இருக்கு? சுத்திப் போறதுக்கு!"

காரணம் கேட்டால் அவளிடம் ஒன்று இருந்தது. சின்ன வயதில், ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற ஞானத்தாய் சொல்லிக் கொடுத்தது: நடுவில்தான் அந்தக் காலத்தில் வேதவிரோதிகள் என்று மனிதர்களை எரித்தார்கள், அந்தச் சாம்பல் பெண்பிள்ளை காலில் ஒட்டினால் போகாது. ஆண்கள் காலில் ஏன் ஒட்டாது என்று அவள் கேட்டதில்லை. எரிந்தவர்களில் பெண்களும் உண்டு என்பதையும், நடுவுக்குப் போக அவர்களுக்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை என்பதையும் அவள் யோசித்ததில்லை. யோசிக்க ஆரம்பித்தால் அந்த ஊரில் நிறைய யோசிக்க வேண்டியிருக்கும். சதுக்கத்தின் பெயரே ஒரு கொள்ளைக்காரனுடையது. கோபுரத்தில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த காவல்காரன் தலையையும் அவன் மகள் தலையையும் வெட்டி, ஊரைப் பிடித்து ராஜாவுக்குக் காணிக்கை கொடுத்தவன் என்பது கதை. அந்த இரண்டு தலைகளையும் நகரசபைச் சின்னத்தில் இன்றும் காணலாம். வெட்டியவனுக்குச் சதுக்கம், வெட்டுப்பட்டவர்களுக்குச் சின்னத்தில் ஒரு மூலை. ஊர் யாரையும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைச் சதுக்கத்தில் நடப்பது சந்தை இல்லை. மாடு வராது, மூட்டை வராது, தராசு வராது. ஆண்கள் மட்டும் வருவார்கள், தொப்பியோடு வருவார்கள். அங்கங்கே நின்று மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழையைப் பற்றிய பேச்சுக்குள்ளே பன்றியும் கோதுமையும் தக்கையும் கை மாறும். எல்லா ஆண்களும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பவன்தான் அங்கே சம்பந்தி; அந்தக் கணக்குப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பொருந்தும், மீதிப் பேருக்கு ஆசை. விலை படிந்தால் கை குலுக்கல். காகிதம் கிடையாது. கை குலுக்கிய பிறகு பின்வாங்கியவன் அடுத்த செவ்வாய் வரலாம், நிற்கலாம். ஆனால் அவனிடம் யாரும் மழையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

ஜசிந்தோ அந்த வருஷம் ஜனவரியில் செத்துப்போனான். தக்கை என்பது மரத்தின் பட்டை; அதை ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் உரிக்கலாம். அந்த ஒன்பதாவது வருஷத்தின் ஜனவரியில் போனான். "பொறுமைசாலி மனுஷன், எட்டு வருஷம் பொறுத்தவரு இன்னும் ஆறு மாசம் பொறுத்திருக்கலாம்" என்று எர்மீனியா அழுகையின் நடுவே சொன்னாள். அதில் துக்கம் பாதி, நியாயம் பாதி.

ஏழாம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் பெர்பெத்துவா பேச்சை எடுத்தாள். எர்மீனியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலத்தில் பெர்பெத்துவாவுக்கும் பங்கு உண்டு.

"அண்ணி, தனியா அந்தக் காட்டுல என்ன பண்ணப் போறீங்க? எங்க வீட்டு மாடில ரூம் காலியா இருக்கு. ஜன்னலைத் திறந்தா கோயில் மணி கேக்கும். நிலத்தை எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவாரு."

வீட்டுக்காரர் கஸ்டோடியோ சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே பணிவாகத் தலையசைத்தான். தக்கை மரங்களை வெட்ட அரசாங்கம் விடாது; ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகப் பட்டுப்போக வைக்கத் தெரிந்தவன் அவன். அவன் தகப்பன் விட்டுப்போன காட்டில் இப்போது காகித ஆலைக்கு யூகலிப்டஸ் நிற்கிறது.

"இந்த வருஷத் தக்கையை நான் விக்கறேன்" என்றாள் எர்மீனியா. "நல்ல விலைக்கு வித்துக் காட்டினா நிலம் என் கையில இருக்கட்டும். இல்லைன்னா உங்க மாடிக்கு வரேன்."

கஸ்டோடியோ முதல்முறையாக வாயைத் திறந்தான். "விக்கறதுன்னா எங்கே, அண்ணி? சதுக்கத்துலயா?"

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். எர்மீனியாவும் சிரித்தாள். அவளுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சரி என்று ஒப்புக்கொண்டார்கள். தோற்கப் போகிறவளோடு பந்தயம் கட்டுவது சுலபம்.

அவள் லிபானியோ என்ற தரகனைப் பிடித்தாள். மெல்லிய மனிதன், மெல்லிய மீசை, எதைச் சொன்னாலும், சீமாட்டிகளுக்கான 'தோனா'வைப் பெயருக்கு முன்னால் சேர்த்து, மன்னிப்புக் கேட்பது போலச் சொல்வான். பிப்ரவரி முதல் செவ்வாய் அவனை நடுவுக்கு அனுப்பிவிட்டு, வளைவுத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். லிபானியோ போய் நின்றது அபீலியோ குவரெஸ்மாவின் முன்னால். ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளுக்குத் தக்கை வாங்கும் பெரிய வியாபாரி. பருத்த உடம்பு, சின்னக் கண். லிபானியோ ஏதோ சொன்னான். குவரெஸ்மா வானத்தைப் பார்த்தான். லிபானியோவும் வானத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டான்.

"என்ன சொன்னாரு?"

"ஒன்பது வருஷத்துக்கு முந்தி என்ன விலையோ அதே விலை, தோனா எர்மீனியா. கூடவே அனுதாபமும் சொல்லச் சொன்னாரு."

"அனுதாபத்தைத் தராசுல போட முடியுமா? வேற யாரும் கேக்கலையா?"

"மத்தவங்க மரியாதைக்கு ஒதுங்கிட்டாங்க. விதவை தக்கைக்குப் போட்டி போடறது அழகில்லைன்னு."

எர்மீனியா இதை ஒரு கணம் ரசித்தாள். மரியாதை இத்தனை செலவு வைக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"நீ திருப்பி என்ன சொன்னே?"

"அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"அங்கதான் கெடுத்தே."

"வேற என்ன சொல்ல? நான் ஒரு விலை சொன்னா, 'இது நீ பேசறதா, அந்தம்மா பேசறாங்களா'ங்கறாரு. நான் பேசறதுன்னா அது காத்து. நீங்க பேசறதுன்னா, நீங்க இங்க இல்ல."

"இங்கதானேடா நிக்கறேன்!"

"இது வளைவு, அம்மா. சதுக்கம் அதோ அங்க ஆரம்பிக்குது." லிபானியோ மன்னிப்புக் கேட்கும் விரலால் காட்டினான். ஒரு விரற்கடை உயரத்துக்கு ஒரு கல் விளிம்பு.

அடுத்த செவ்வாயும் அதே கதை. அதற்கடுத்த செவ்வாய் குவரெஸ்மா விலையைக் கொஞ்சம் குறைத்தான், மரங்களுக்கு வயதாகிறதாம். அன்று வளைவுகளின் கீழே பெர்பெத்துவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு, அண்ணி. திரைச்சீலைக்கு என்ன கலர் வேணும்னு சொல்லுங்க."

"கறுப்பு" என்றாள் எர்மீனியா.

மாதத்தின் கடைசிச் செவ்வாய் பூசை முடிந்து அவள் கோயில் படியில் வந்து நின்றாள். பொடித்தூறல். கீழே சதுக்கம் நிறையத் தொப்பிகள். குடையை விரிக்கப் போனவள் விரிக்கவில்லை. குடை பிடித்தால் ஊர்வலம் போல இருக்கும் என்று பட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். செபமாலையைப் பைக்குள் போட்டாள். அவள் தீர்மானித்தது சின்ன விஷயம்தான்: நேரே குவரெஸ்மாவிடம் போய் விலையைச் சொல்லிவிட்டு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மறுபடி கோயிலுக்கே வந்துவிடுவது. படியிறங்கி, நேரே நடந்தாள். காலில் எதுவும் ஒட்டவில்லை. ஈரக் கல்தான்.

முதலில் பார்த்தவன் ஒரு பன்றி வியாபாரி. பழக்கதோஷம், தொப்பியைக் கழற்றினான். அவன் கழற்றியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவன் கழற்றினான். அவள் நடக்க நடக்க, அறுவடைக்கதிர் சாய்வது போல வரிசை வரிசையாகத் தொப்பிகள் இறங்கின. ஜசிந்தோ நின்ற இடம் காலியாக இருந்தது. அங்கே, குவரெஸ்மாவுக்கு எதிரே, போய் நின்றாள். சதுக்கம் முழுக்க வெறுந்தலைகள். அவற்றில் வழுக்கைகள்தான் அதிகம். தொப்பி எவ்வளவு மறைத்து வைத்திருந்தது என்பதை ஊர் அன்றுதான் கண்டது. தலையில் வைத்ததை எடுக்காமல் நின்றது நீரூற்று ஒன்றுதான்: யாரோ ஒரு ராஜா பார்த்துவிட்டு, இதற்குக் கிரீடமே வைக்கலாம் என்றாராம், வைத்துவிட்டார்கள். ராஜாக்கள் போய்விட்டார்கள், கிரீடம் இருக்கிறது.

"சென்யோர் குவரெஸ்மா," என்றாள் எர்மீனியா, "தக்கை விஷயமா வந்தேன்."

குவரெஸ்மா தொப்பியை மார்போடு பிடித்துக் குனிந்தான். பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே சரி. அந்த ஊரில் வெறுந்தலையோடு விலை பேசுகிறவன் கூலியாள் மட்டும்தான். நாள்கூலிக்கு ஆள் எடுக்கும்போது அவன்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளி என்ன கொடுத்தாலும் சரி என்று நிற்பான். தொப்பி இல்லாமல் ஒரு விலையைச் சொன்னால் அது யாசகம். தொப்பியோடு சொல்லலாம் என்றால், எதிரே ஒரு சீமாட்டி நின்றுகொண்டிருக்கிறாள். அவளாகப் பார்த்து "போட்டுக்குங்க" என்று சொன்னால்தான் போட முடியும். நல்ல குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. மூச்சு விடுவது போலச் சொல்வார்கள். எர்மீனியாவும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். வாய்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தாள். குவரெஸ்மா மட்டுமில்லை. பின்னால் இரண்டு பேர் கன்றுக்குட்டி பேரத்தின் நடுவே வாய் திறந்தபடி நிற்கிறார்கள். கோதுமைக்காரன் நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது. சதுக்கமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

லிபானியோ பதறி ஓடிவந்தான். "தோனா எர்மீனியா, உடம்புக்கு ஏதாவது?"

"காத்தாட வந்தேன்."

"அந்த வார்த்தையைச் சொல்லிடுங்கம்மா. தூறல் போடுது. எல்லாரும் நனையறாங்க."

"நானும்தான் நனையறேன்."

"உங்களுக்கு முக்காடு இருக்கே!"

"அவங்களுக்கும் தொப்பி இருக்கு. கையில."

லிபானியோ காப்பிக்கடைக்கு ஓடி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா உட்கார்ந்தால் நிலைமை தளரும் என்று அவன் எண்ணம்.

"வேணாம்பா. நான் உக்காந்தா அவங்களையும் உக்காரச் சொல்லணும். அத்தனை நாற்காலிக்கு எங்க போவே?"

நாற்காலி நனைந்துகொண்டு நின்றது. வெளிநாட்டுத் தம்பதி ஒன்று, கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு நீரூற்றைப் பார்க்க வந்தவர்கள், ஏதோ பக்தி விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். கணவர் தம் தொப்பியையும் கழற்றிக்கொண்டு பயபக்தியோடு ஒரு படம் எடுத்தார். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு நாலு பேர் கூடிப் பேசினால் பிடிக்காது. கூடிப் பேசாமல் நின்றால் அதைவிடப் பிடிக்காது.

"என்னய்யா இது? யாரு செத்தது?"

"இன்னும் யாரும் இல்ல" என்றான் கன்றுக்குட்டிக்காரன்.

"அப்போ கலைஞ்சு போங்க!"

"அந்தம்மா நிக்கும்போது முதுகைக் காட்டிட்டுப் போறதா? உங்களுக்கு அம்மா இல்லையா, சார்?"

போலீஸ்காரர் எர்மீனியாவைப் பார்த்தார். அவருக்கும் அம்மா இருந்திருக்க வேண்டும். சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்.

தூறல் வலுத்தது. சதுக்கம் எவ்வளவோ பார்த்திருக்கிறது. ராஜா தன் சகலையையே மேடையேற்றித் தலையை வெட்ட வைத்ததும் அங்கேதான். ஆனால், "அன்னிக்குக்கூடப் பன்னி வித்திருக்கும், சம்பந்தி" என்று பின்வரிசையில் ஒருவன் முனகினான். முனகல் பரவியது. அதன் திசை மெல்ல மாறி, குவரெஸ்மாவின் முதுகில் வந்து விழுந்தது.

"சம்பந்தி, அந்தம்மாவுக்குச் சேர வேண்டியதைக் குடுத்து அனுப்புய்யா."

"என் கன்னுக்குட்டி பாதி விலையில நிக்குது."

"கன்னுக்குட்டிக்காரா, உன் மண்டைல மயிர் இருக்கு, உனக்கென்ன. என்னுதுல நேரா விழுது."

குவரெஸ்மா தும்மினான். அவனும் வழுக்கை. "தோனா எர்மீனியா," என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி, "போன தடவை பட்டை உரிச்சப்போ குடுத்ததைவிட அஞ்சில ஒரு பங்கு கூட்டித் தரேன்."

"வெறுந்தலையோட சொல்ற விலையை எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ விலைன்னே எடுத்துக்க மாட்டாரு. நீங்க எங்கிட்ட வேலை கேக்கற மாதிரி இருக்கு, சென்யோர்."

பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எர்மீனியாவின் முன்னால் சிரித்ததற்காக உடனே தலைகுனிந்தார்கள்.

குவரெஸ்மாவின் கழுத்து சிவந்தது. தண்ணீர் புருவத்தில் தேங்கிச் சொட்டியது. அவன் சதுக்கத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு அந்தத் தலைமுறையில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தான். அவள் சொல்லாமலே தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தி வைத்தான்.

வளைவுகளின் கீழிருந்து பெண்கள் "ஐயோ" என்றது இங்கே கேட்டது.

"போன தடவையைவிடப் பாதி பங்கு அதிகம்!" குவரெஸ்மா கத்தினான், ஆண்களிடம் கத்துவது போல. "அதுக்கு மேல ஒரு செல்லாக்காசு கிடையாது. மரத்துல பாதி கிழடு. விக்கறதுன்னா வித்துடு, இல்லைன்னா வழியை விடு, சம்பந்தி!" கையை நீட்டினான்.

எர்மீனியாவைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. ஜசிந்தோகூட வாசல்வரை போய், காற்றைப் பார்த்துத்தான் கத்துவான். அறைந்தது போல இருந்தது. ஒரு சீமாட்டி செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: திரும்பி நடந்துவிடுவது. அவள் திரும்பியிருந்தால் ஊர் முழுக்க அவள் பக்கம் நின்றிருக்கும், குவரெஸ்மாவை ஒரு வருஷம் ஏசியிருக்கும், அவளை மாடி அறையில் வந்து பார்த்து ஆறுதல் சொல்லியிருக்கும்.

நீட்டிய கையைப் பார்த்தாள். தடித்த, மழையில் நனைந்த கை. அது ஒரு பெண்ணுக்கு நீட்டும் கை இல்லை. சற்று மேலே, முத்தமிட வாகாக எடுத்துக்கொள்ளும் கை இல்லை. இடுப்புயரத்தில், நேராக, கட்டைவிரல் மேலே.

கையுறையைக் கழற்றினாள். பிடித்தாள். பன்றி வியாபாரிகள் குலுக்குவதைப் பார்த்திருக்கிறாள். அப்படியே ஒரு உலுக்கு உலுக்கினாள்.

சதுக்கத்தில் தொப்பிகள் ஒன்றாக ஏறின. யாரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. கன்றுக்குட்டி விற்றுப்போனது. யாரோ ஒருவன் அவள் தோளை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல், கோதுமைக்காரனைப் பார்க்க ஓடினான்.

அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. என்ன பாவம் என்று சொல்வதென்று தெரியவில்லை.

விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். கஸ்டோடியோ முடியவிடவில்லை. அடுத்த செவ்வாய் அவன் சதுக்கத்துக்கு வந்து, நாலு பேர் கேட்க, நியாயமான குரலில் பேசினான். எர்மீனியா ஜசிந்தோவின் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மனசில் உறுதி ஒன்றும் இல்லை. வராமல் இருந்தால் போன வாரம் வந்தது தப்பு என்றாகிவிடும், அதற்காக வந்திருந்தாள்.

"அண்ணி மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல," என்றான் கஸ்டோடியோ. "ஆனா சதுக்கத்துல பொம்பளை கை கொடுத்தா அது வியாபாரமா? நாளைக்கு ஆம்பளையே பிள்ளை பெத்துட்டு வந்தா கோயில்ல ஞானஸ்நானம் குடுப்பீங்களா? அது விளையாட்டு. எல்லாரும் மழையில நனைஞ்சு பைத்தியம் பிடிச்சு நின்னீங்க. விட்டுத் தள்ளலாம். தக்கையை நான் மறுபடி பேசி விக்கறேன். குடும்பத்துல பேசினபடி நிலத்தை நான் பாத்துக்கறேன்."

சிலர் தலையசைத்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. எர்மீனியாவுக்கே கொஞ்சம் நியாயமாகப் பட்டது என்பதுதான் மோசம். பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் நியாயத்தை அவளே சொன்னால் அது எத்தனை பெறும் என்று தெரியாமல் தயங்கினாள்.

"சம்பந்தி கஸ்டோடியோ," என்றது ஒரு குரல். குவரெஸ்மா. மூக்கடைப்பு இன்னும் விடவில்லை. "நான் போன செவ்வாய் என்னத்தைக் குலுக்கினேன்? கோயில் மணிக் கயித்தையா?"

"உங்களைச் சொல்லலை, சென்யோர் குவரெஸ்மா. அவங்க கை..."

"கை குலுக்கறதுன்னா ரெண்டு கை. ஒண்ணு செல்லாதுன்னா இன்னொண்ணும் செல்லாது. நான் செல்லாத கையைக் குடுத்தேங்கறியா?"

"நீங்க நஷ்டத்துல வாங்கியிருக்கீங்க, உங்களுக்கு நல்லதுக்குத்தான்..."

"நஷ்டம்தான்! எனக்குத் தெரியாதா? ராத்திரி நினைச்சா வயிறு எரியுது. ஆனா குவரெஸ்மா நஷ்டம் வந்தா கையை உருவிக்குவான்னு ஒருத்தன் சொல்லிட்டா, அப்புறம் இந்த ஜில்லாவுல எவன் எனக்கு ஒரு தக்கை மூடி தருவான்? இந்தம்மா ஆம்பளையோ, பொம்பளையோ, கோயில்ல வனத்து அந்தோனியார் காலடில நிக்கற பன்னியோ, எனக்குத் தெரியாது. நான் குலுக்கினேன். இவங்க என் சம்பந்தி. இவங்க கை செல்லாதுங்கறவன் என் மூஞ்சிக்கு நேரா நான் பொய்யன்னு சொல்லட்டும்."

தலையசைத்தவர்கள் அதே தலையை இப்போது வேறு பக்கம் அசைத்தார்கள். கஸ்டோடியோ திரும்பினான். வங்கி வாசலில் இருந்தவனிடம் ஏதோ பேசப் போனான். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். கஸ்டோடியோ வளைவுகளின் கீழே, பெர்பெத்துவா காத்திருந்த இடத்துக்குப் போய்விட்டான். மாடி அறையைப் பிறகு ஒரு பல் வைத்தியருக்கு வாடகைக்கு விட்டார்கள்.

எர்மீனியாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. "சென்யோர் குவரெஸ்மா..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "உங்களுக்காக இல்ல. ஜூன்ல ஆள் அனுப்பறேன். பட்டைல கோடாலிக் காயம் இருந்தா கழிச்சிக்குவேன், சொல்லிட்டேன்."

அவன் தொப்பியைத் தொடக்கூட இல்லை. அன்று காலை யாருமே தொடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோயில் படியிலிருந்து இந்த இடம்வரை நடந்து வந்திருக்கிறாள்; ஒரு தொப்பிகூட இறங்கவில்லை. பதினாறு வயதில் முதல்முதலாக ஒரு தொப்பி அவளுக்காக இறங்கிய நாள் நினைவிருந்தது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அவள் எங்கே போனாலும் முன்னால் தொப்பிகள் இறங்கும். அதை அவள் காற்றைப் போல எண்ணியிருந்தாள். இப்போது தூணோரம் ஒதுங்கிப் பார்த்தாள்: வளைவுகளின் நிழலில் அவள் கால் வைத்ததும் அதே பன்றி வியாபாரி தொப்பியைக் கழற்றி, "நமஸ்காரம், தோனா எர்மீனியா" என்றான். கல் விளிம்பைத் தாண்டி மறுபடி இறங்கினாள். அவன் தொப்பியை வைத்துக்கொண்டு முதுகைத் திருப்பினான். ஒரே மனிதன், ஒரே தொப்பி, ஒரே பெண். நடுவே விரற்கடை உயரக் கல். அவளுக்குச் சிரிப்பு வந்தது; குடைநுனியால் அந்தக் கல்லை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவள் திருந்தியதாக யாரும் நினைக்க வேண்டாம். குறுக்கே ஓடும் பெண்களை அதன்பிறகும் குடையால் தட்டி நிறுத்தத்தான் செய்தாள். என்ன, இப்போது நடுவிலிருந்து நிறுத்தினாள்.

"நீங்க மட்டும் இங்க நிக்கறீங்களே, தோனா எர்மீனியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் வியாபாரத்துக்கு நிக்கறேன். நீ எதுக்குப் போறே?"

"ஐஸ்கிரீமுக்கு."

"அதுக்குச் சுத்திப் போ!"

கஸ்டோடியோ தோற்றுத் திரும்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை, நண்பகல் மணி அடிக்கும்வரை அவள் தன் இடத்திலேயே நின்றாள். வேலை ஒன்றும் இல்லை. யாரும் பேசவில்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆண்கள் போலப் பின்னால் கட்டிப் பார்த்தாள், குடை இடித்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. கோதுமைக்காரன் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து, அவளோடு சேர்ந்து அதே திசையைப் பார்த்தான். அவனுக்கு மாடுகள் உண்டு. தீவனம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

"எப்படி," என்றான், வானத்திடம் கேட்பது போல, "மழை வரும்ங்கறீங்களா, சம்பந்தி?"

எர்மீனியா அண்ணாந்து பார்த்தாள். விடியற்காலையிலிருந்தே முழங்கால் மூட்டு இரண்டும் குடைந்துகொண்டிருந்தன. மழை விஷயத்தில் அவை பொய் சொன்னதில்லை. மழை வந்தால் புல் முளைக்கும், வைக்கோல் விலை விழும். பண்ணைக் கொட்டகையில் போன வருஷத்து வைக்கோல் கூரை முட்ட இருந்தது.

"எங்க வரப்போகுது" என்றாள்.